எழுத்தறிவை அளந்த கோல்கள்



நெசவாளர் வாழும் ஊரில் பிறந்தவர்களுக்கு அளவைப் பற்றிப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. என் இளமைக் காலத்தில் சென்னிமலைத் தெருக்களில் பொழுது விடியும் முன்னரே பாவடியில் பாவு நீட்டியிருக்கும். அதன் நீளத்தைப் பெரியவர்கள் கண்ணாலேயே கணித்துச் சொல்லிவிடுவார்கள். நூலுக்கு நம்பர் உண்டு. அச்சுக்கு எண் உண்டு. போர்வைக்கு நீளம், அகலம், எடை என மூன்றும் உண்டு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கூலி குறையும். ஆதலின் அளவு என்பது எங்கள் ஊரில் ஏட்டுக் கணக்கன்று. அது சோற்றுக் கணக்கு.

நூலின் நம்பர் என்றேன். அதன் பொருளை உங்களுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். 840 கஜம் நூல் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகின்றனவோ அதுவே அந்நூலின் நம்பர். 20ஆம் நம்பர் நூல் என்றால் பவுண்டுக்கு 20 சிட்டம். அதாவது 16,800 கஜம். பத்துப் பவுண்டுக் கட்டில் 200 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத நெசவாளர் இதனை மனக்கணக்காகச் சொல்லுவார். பத்தாம் வகுப்பு மாணவனைக் கேட்டால் அவன் காகிதம் தேடுவான்.

இவ்வாறு அளவிலே வாழ்ந்த மக்களிடையே நான் 1978ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றை அளக்கச் சென்றேன். நான் அளக்கச் சென்ற பொருள் எழுத்தறிவு. அதில் நான் தவறிழைத்தேன். அத்தவற்றைச் சொல்லுமுன், எழுத்தறிவை அளக்க முயன்றவர்களின் நெடிய வரலாற்றையும் ஓரளவு சொல்லியாகவேண்டும். ஏனெனில் என் தவறு நான் ஒருவன் மட்டுமே செய்த தவறன்று.

1978ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 15 வயது முதல் 35 வயது வரையுள்ள எழுத்தறியா மக்கள் பத்துக் கோடிப் பேருக்கு ஐந்தே ஆண்டுகளில் எழுத்தறிவு ஊட்டுவது அதன் குறிக்கோள். ஒரு மையத்துக்கு 30 பேர், பத்து மாதம், இரவிலே வகுப்பு. நடத்துபவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். எழுத்து, தொழில் திறன், விழிப்புணர்வு என்னும் மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும் என்பது விதி. நான் அப்பொழுது ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த இளைஞன். எங்கள் ஊர் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறு ஆண்டுதான் ஈரோடு தனி மாவட்டமாயிற்று. நெசவாளர் தெரு ஒன்றின் திண்ணையில் எனக்கு ஒரு மையம் கிடைத்தது. அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, முப்பது பெயர் கொண்ட ஒரு பதிவேடு. இவையே என் கல்லூரி.

அந்தப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு தலைப்பு இருந்தது. எழுத்தறிவு பெற்றாரா, இல்லையா என்பது அதன் கருத்து. பத்து மாத உழைப்பும் அக்கட்டத்துக்குள் ஆம், இல்லை என்னும் இரண்டே சொற்களில் அடங்கவேண்டும்.

எழுத்தறிந்தவர் யார் என்னும் வினா புதியதன்று. இங்கிலாந்தில் 1754ஆம் ஆண்டு முதல் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையொப்பம் இடவேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கையொப்பம் இட இயலாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். பிற்கால வரலாற்றாசிரியர்கள் அந்தக் குறிகளை எண்ணித்தான் அந்நாட்டு மக்களின் எழுத்தறிவைக் கணித்தார்கள். பெயரை மட்டும் எழுதக் கற்றவனும் அக்கணக்கில் படித்தவனே. படிக்கத் தெரிந்தும் எழுதப் பழகாத பெண்கள் பலர் அதே கணக்கில் படியாதவர்கள்.

நம் நாட்டில் 1881, 1891ஆம் ஆண்டுக் குடிமதிப்புகளில் மக்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கற்றுக்கொண்டிருப்பவர், கற்றவர், கல்லாதவர். 1901இல் அவை இரண்டாயின. 1911இல்தான் ஒரு தெளிவான வரையறை வந்தது. நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, அவர் எழுதும் மறுமொழியைப் படிக்க வல்லவரே எழுத்தறிந்தவர் என்றார்கள். என் கருத்தில் இதைக் காட்டிலும் அழகிய வரையறை அதற்குப் பின்னும் வரவில்லை. எழுத்து என்பது ஒருவர் மற்றொருவரை அடையும் வழி என்பதை அது உணர்ந்திருந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய மக்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18.33 பேர் என்று கண்டார்கள். அதற்குப் பின்னர், பொருள் உணர்ந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் என்பது வரையறையாயிற்று. ஆனால் ஒன்றை நீங்கள் மறக்கலாகாது. குடிமதிப்பில் எவருக்கும் தேர்வு வைப்பதில்லை. வீட்டார் சொல்லுவதைக் கணக்கெடுப்பவர் எழுதிக்கொள்ளுகிறார். அவ்வளவே.

தொழிலிடத்தில் கல்வி என்பதற்கு வருவோம். அதன் முதல் அளவுகோல் இன்னும் வேடிக்கையானது. 1833ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலை செய்யும் சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் படிப்பு வேண்டும் என்று விதித்தது. படித்தார்களா என்பதற்குச் சான்று யாது? ஆசிரியர் தரும் சான்றிதழ். சிறுவன் பள்ளிக்கு வந்தான் என்று எழுதிய தாள் இருந்தால் போதும். அத்தாள்களை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தபொழுது சிலவற்றில் ஆசிரியரே கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி இட்டிருந்தார்! எழுதத் தெரியாத ஆசிரியர், எழுதக் கற்பித்ததாகச் சான்று தந்தார். ஆகவே 1844ஆம் ஆண்டுச் சட்டத்தில், சான்றிதழை ஆசிரியர் தம் கையாலேயே நிரப்பிப் பெயரையும் எழுதவேண்டும் என்று சேர்க்க நேர்ந்தது. அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்னும் முறை அச்சட்டத்தினின்றே வளர்ந்தது.

வருகையை அளந்தால் இந்த நிலை. தேர்ச்சியை அளந்தால் எப்படி? அதனையும் அவர்களே செய்து பார்த்தார்கள். 1862இல் இராபர்ட் லோ என்னும் அமைச்சர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு மாணவனையும் படிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லுவார். தேறிய மாணவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம். பயன் என்ன ஆயிற்று? ஆசிரியர்கள் பாடப் புத்தகத்தை நெட்டுருச் செய்வித்தார்கள். புத்தகத்தைப் பாராமலே பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். தேர்ச்சிக் கணக்கு உயர்ந்தது; படிப்பு உயரவில்லை. கவிஞரும் கல்வி ஆய்வாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கே இம்முறை கைவிடப்பட்டது. நம் சென்னை மாகாணத்திலும் இதே முறையில் திண்ணைப் பள்ளிகளுக்கு உதவித் தொகை வழங்கிய காலம் உண்டு. என் முன்னோர் தொழிலாகிய ஆசிரியத் தொழில் அக்காலத்தில் எவ்வளவு அஞ்சி நடுங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம் நாட்டு ஆலைகளில் தொழிலாளர் கல்விக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு சென்னைப் பெரம்பூரில் இருந்தது. பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி நடத்தின. ஆலையில் அரை நேரம் வேலை செய்த சிறுவர்கள் மீதி நேரத்தில் அங்கே படித்தார்கள். ஆயினும் அது பெருங்கடலில் ஒரு தீவு. ஜே. எச். விட்லி என்பாரைத் தலைவராகக் கொண்டு 1929இல் அமைக்கப்பெற்ற தொழிலாளர் நிலை ஆராயும் அரச ஆணையம் 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியத் தொழிலாளருள் ஏறத்தாழ அனைவருமே எழுத்தறியாதவர் என்றும், தொழில் வளர்ந்த வேறு எந்நாட்டிலும் இந்நிலை இல்லை என்றும் அது வருந்தியது. கூலியிலும் உடல்நலத்திலும் சங்கம் அமைப்பதிலும் அவர்கள் பின்தங்குவதற்கு இதுவே வேர் என்பது அவ்வறிக்கையின் போக்கு.

அவ்வறிக்கை வெளிவந்த மறு ஆண்டு, 1932 ஜனவரியில், எங்கள் ஊரில் பிறந்த ஒரு நெசவாளர் வீட்டு இளைஞர் திருப்பூர்த் தெருவில் கொடி பிடித்த கையுடன் அடிபட்டு விழுந்து உயிர் நீத்தார். குமரன் தொடக்கப் பள்ளிப் படிப்பைக்கூட ஒருவாறுதான் முடித்தவர். எந்தப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் அவர் கல்வியை அளப்பது?

மன்னிக்கவும். சொல்லவந்த பொருளை விட்டு விலகிவிட்டேன்.

கைத்தறி நெசவாளருக்கு ஆலைத் தொழிலாளரைப் போல் ஒரு முதலாளியின் பள்ளி கிடையாது. வீடே அவருக்குத் தொழிற்சாலை. அவருக்கு எழுத்தின் தேவை வேறு வழியில் வந்தது. சென்னை மாகாணத்தில் 1935இல் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுத் தலைமைச் சங்கம் தோன்றிற்று. இன்று நீங்கள் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைப்பது அதனையே. எங்கள் ஊரிலும் எம். பி. நாச்சிமுத்து அவர்கள் முன்னின்று வளர்த்த கூட்டுறவுச் சங்கம் பெரும்புகழ் பெற்றது. கூட்டுறவு என்றால் பங்குத்தொகை, நூல் வரவு, துணி ஒப்படைப்பு, கூலி, சேமிப்பு என்று கணக்குகள் பெருகும். உறுப்பினர் கையில் பாஸ் புத்தகம் வந்துவிடும். மாஸ்டர் நெசவாளரிடம் கூலிக்கு நெய்பவருக்கும் ஒரு சிறு நோட்டு உண்டு. அவற்றில் எழுதியிருப்பது யாது என்று அறியாதவர் பிறர் நாணயத்தை நம்பி வாழவேண்டும். நம்பத்தக்கவர் பலர். எல்லாரும் அல்லர்.

உலக அரங்கிலும் இதே உண்மையைப் பின்னர் உணர்ந்தார்கள். 1965ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈரான் நாட்டுத் தெஹ்ரான் நகரில் உலகக் கல்வி அமைச்சர்கள் கூடினார்கள். அவர்கள் கூடத் தொடங்கிய செப்டம்பர் 8ஆம் நாளையே இன்று நாம் உலக எழுத்தறிவு நாளாகக் கொண்டாடுகிறோம். எழுத்தைத் தனியே கற்பித்தால் நிற்காது, தொழிலோடு பிணைத்துக் கற்பிக்கவேண்டும் என்பது அங்கே மேலோங்கிய கருத்து. யுனெஸ்கோ நிறுவனம் 1967 முதல் 1973 வரை பதினொரு நாடுகளில் இதனைச் சோதித்தது. ஈரானின் இஸ்பஹான் நகரில் தொழிலாளருக்கு அவர்கள் தொழிலை ஒட்டியே பாடம் அமைத்தார்கள். தான்சானியாவில் பருத்தி பயிரிடும் உழவருக்குப் பருத்தியைப் பற்றியே பாடப் புத்தகம் எழுதினார்கள். இந்தியாவில் புதிய விதைகளைப் பயிரிடும் உழவரைத் தேர்ந்துகொண்டார்கள். அக்காலத்தில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர் நம் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசையா என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இச்சோதனையின் சிறப்பு யாதெனில், முடிவை அளக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். அதுவரை எவரும் இத்துணைப் பெரிய அளவில் அதைச் செய்ததில்லை. படித்த பின்னர் விளைச்சல் கூடியதா, வருவாய் உயர்ந்ததா, வேலையில் பிழை குறைந்ததா என்றெல்லாம் கேட்கக் கருதினார்கள். 1976இல் வெளிவந்த மதிப்பீட்டு நூல் தம் குறைகளைத் தாமே ஒப்புக்கொண்ட அரிய ஆவணம். சேர்ந்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் சற்று மேல். எழுத்தறிவு பெற்றவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். பொருளாதாரப் பயனை அளக்க முயன்ற முயற்சி பெரும்பாலும் கைகூடவில்லை. விளைச்சல் உயர்ந்தால் அது எழுத்தாலா, மழையாலா, உரத்தாலா என்று பிரித்துச் சொல்லுவது எளிதன்று. மேலும், தொழிலை மட்டுமே கண்ணாகக் கொண்டு மனிதனை மறந்தோம் என்றும் அம்மதிப்பீடு வருந்தியது. அதற்கு முந்திய ஆண்டே பெர்சபோலிசில் கூடிய அறிஞர்கள், எழுத்தறிவு என்பது மனிதன் விடுதலை பெறுவதற்கும் முழுமை அடைவதற்கும் துணை என்று அறிவித்திருந்தார்கள்.

அமெரிக்காவில் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்பவர் 1959இல், தொழிற்பயிற்சியின் பயனை நான்கு படிகளில் அளக்கலாம் என்று எழுதினார். பயிற்சி பெற்றவருக்கு அது பிடித்ததா, அவர் கற்றாரா, கற்றதை வேலையில் கையாளுகிறாரா, அதனால் நிறுவனத்துக்கு விளைவு உண்டா என்பன அவை. ஏணி நன்றாகத்தான் இருக்கிறது. ஆயின் பெரும்பாலோர் முதற்படியிலும் இரண்டாம் படியிலுமே நின்றுவிடுகிறார்கள். மேற்படிகளில் ஏறிப் பார்க்கக் காலமும் காசும் வேண்டும். பயிற்சி முடிந்த மறுநாளே கணக்கு முடித்து அனுப்பவேண்டிய நிலையில் உள்ளவர் மூன்றாம் படியை எப்பொழுது காண்பது?

என் கதையும் இதுவே.

என் மையத்தில் ஒரு பெரியவர் இருந்தார். விதிப்படி 35 வயதுக்கு உட்பட்டவரையே சேர்க்கவேண்டும். அவருக்கு ஐம்பதை எட்டிய வயது. தம் மகன் பெயரில் வந்து அமர்ந்தார். நானும் கண்டும் காணாமல் இருந்தேன். குழித்தறியில் நாள் முழுதும் கால் மிதித்துவிட்டு இரவில் வருவார். அவர் விரல்கள் நூலைப் பிடிக்கும், பலப்பத்தைப் பிடிக்கமாட்டா. அதே வகுப்பில் தார் சுற்றும் பெண் ஒருத்தி இருந்தாள். இருபது வயதிருக்கும். நான் எழுதிப் போட்ட அனைத்தையும் அச்சடித்தாற்போல் எழுதுவாள்.

பத்தாம் மாதம் தேர்வு நடந்தது. அப்பெண் முதலிடம் பெற்றாள். பெரியவர் தோற்றார். நான் சொல்லிய வாக்கியத்தில் பாதியைத்தான் அவரால் எழுத முடிந்தது. 37உடன் 48ஐக் கூட்டச் சொன்னேன். பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சற்று இரங்கி, "ஐயா, இருவதாம் நம்பர் நூல் மூணரைக் கட்டுல எத்தனை சிட்டம் வரும்?" என்று வாய்மொழியாகக் கேட்டேன்.

"எழுநூறுங்க" என்றார் உடனே. "இதையெல்லாமா கேப்பீங்க?"

1985இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. ரெசிபி நகரச் சந்தையில் தேங்காயும் பழமும் விற்ற ஏழைச் சிறுவர்களிடம் வாங்குவார் போலச் சென்று கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அதே கணக்கைக் காகிதத்தில் எண்ணாக எழுதிக் கொடுத்தபொழுது நூற்றுக்கு 37 விடைகளே சரியாயின. பல ஆண்டுகளுக்குப் பின் இதனைப் படித்தபொழுது, திண்ணையில் பலகையைப் பார்த்து விழித்த அப்பெரியவரின் முகம் என் கண்முன் நின்றது.

அவரைத் தேறாதவர் என்று எழுதினேன். விதிப்படி அது சரியே. ஆனால் கதை அதோடு முடியவில்லை. தேர்வு நடந்து ஒரு திங்கள் கழிந்திருக்கும். ஒரு மாலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அவருக்கு நூல் கொடுக்கும் மாஸ்டர் நெசவாளர் எழுதித் தந்த சிறு நோட்டு.

"வாத்தியாருங்க, இதக் கொஞ்சம் பாருங்க. இங்க பன்னெண்டுன்னு போட்டிருக்குதுங்களா?"

"ஆமாங்க ஐயா, பன்னிரண்டு கிலோன்னு இருக்கு."

"நான் வாங்குனது பத்துங்க. எனக்கு எழுத வரலீங்க. ஆனா ஒண்ணும் ரெண்டும் எப்படி இருக்கும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. ஒண்ணும் சைபரும் இருக்கோணும். இதுல ஒண்ணும் ரெண்டும் இருக்குதுங்க."

இரண்டு கிலோ நூல். துணி எடையில் அது குறைவாகக் காணும். குறைவைக் கூலியில் பிடிப்பார்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை பிடித்திருப்பார்களோ, யார் அறிவார்? அவர் அந்த நோட்டை எடுத்துச் சென்று முறையிட்டார். எண் திருத்தப்பட்டது. கைத்தவறு என்றார்களாம். இருக்கலாம்.

நான் உள்ளே சென்று பதிவேட்டை எடுத்தேன். அவர் பெயருக்கு, அதாவது அவர் மகன் பெயருக்கு எதிரே, இல்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்த இரவு நான் அதனை மாற்றவில்லை. மாற்றியது வேறொன்று, இதுகாறும் எவரிடமும் சொல்லாதது. என் மையத்தில் உண்மையில் தேறியவர் பதினொருவர். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், பதினொன்று என்று அனுப்பினால் மையம் மூடப்படும் என்றார். நான் பத்தொன்பது என்று எழுதினேன். அந்த எட்டுப் பேருள் இப்பெரியவரைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒருமுறைகூட வகுப்புக்கு ஒழுங்காக வராத இளைஞர்களைச் சேர்த்தேன். அவர்கள் வயதும் பெயரும் விதிக்குப் பொருந்தியிருந்தன. இராபர்ட் லோவின் ஆய்வாளருக்கு அஞ்சிய பழைய ஆசிரியர்களைப் பற்றி முன்னர்ச் சொன்னேன் அல்லவா? அவர்களை நான் இழித்துப் பேசாமைக்குக் காரணம் இதுவே.

1979இல் டி. எஸ். கோத்தாரி அவர்கள் தலைமையில் அமைந்த குழு இத்திட்டத்தை மறு ஆய்வு செய்து, மறு ஆண்டு அறிக்கை அளித்தது. தமிழ்நாட்டில் இத்திட்டம் நடந்த முறையைச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தது. அதனை 1971இல் நிறுவியவர் நான் முன்பு சொன்ன அதே ஆதிசேசையா. உலகச் சோதனையைத் தலைமையகத்தில் இருந்து கண்டவர், தம் தாய்நாட்டின் திண்ணைகளையும் அளந்து பார்க்கத் துணைநின்றார்.

பின்னர் 1988ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அளவுகோல் இம்முறை கூர்மையாக்கப்பட்டது. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்கவேண்டும். மனத்துக்குள் 35 சொல். பார்த்து எழுதுவது நிமிடத்துக்கு 7 சொல்; சொல்லக் கேட்டு எழுதுவது 5 சொல். ஒன்று முதல் நூறு வரை எண் தெரியவேண்டும். மூன்று இலக்கம் வரை கூட்டல் கழித்தல். எடை, நீளம், பணம், வட்டி பற்றிய பொது அறிவு. மூன்று பாட நூல்கள். ஒவ்வொன்றிலும் மூன்று தேர்வுகள். படித்தல், எழுதுதல், கணக்கு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 50 எடுத்து, மொத்தத்தில் 70 பெற்றவரே எழுத்தறிவு பெற்றவர். தேர்வு பாடத்தின் உள்ளேயே அமைந்திருந்ததால் கற்பவர் அஞ்சவில்லை. இது பெரிய முன்னேற்றம் என்று நான் மனமாரச் சொல்லுவேன்.

ஆனால் நிமிடத்துக்கு 30 சொல் என்னும் கோலால் புதுக்கோட்டையை அளக்க முடியுமா? 1991இல் அம்மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சித் தலைவராக இருந்தபொழுது, அறிவொளி இயக்கம் பரவிற்று. கற்க வந்தவருள் பெரும்பாலோர் பெண்கள். கல்லுடைக்கும் பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர் அளந்து கொடுத்த கூலியை வாங்கிப் பழகியவர்கள் குழுவாகச் சேர்ந்து தாமே கல் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகை என்றால் கணக்கு உண்டு, இரசீது உண்டு, லாரிச் சுமையின் அளவு உண்டு. எழுத்து அங்கே வேலைக் கருவியாயிற்று, சுத்தியலைப் போல. பாடத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் மிதிவண்டியில் செல்லும் காட்சியைக் காணப் பிற மாநிலத்தாரும் வந்தார்கள். எந்தத் தேர்விலும் மிதிவண்டிக்கு மதிப்பெண் இல்லை.

நான் அப்பொழுது அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியன். எங்கள் பகுதித் தன்னார்வத் தொண்டர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சென்றபொழுது அவர்களிடம் ஒன்றைத்தான் வற்புறுத்தினேன். முதற்பாடத்தைத் தொடங்குமுன், கற்பவர் கையில் உள்ள நோட்டையோ பாஸ் புத்தகத்தையோ வாங்கிப் பாருங்கள். அவர் வாழ்வில் எந்தத் தாள் வந்து போகிறது என்று கண்டுகொள்ளுங்கள். பத்து மாதம் கழித்து அதே தாளை அவரிடம் நீட்டுங்கள் என்றேன். சிலர் அவ்வாறே செய்தார்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று சிலர் விட்டுவிட்டார்கள்.

இனி, தேர்வில் முதலிடம் பெற்ற பெண்ணின் செய்தி. மையம் முடிந்து இரண்டு ஆண்டுகள் சென்றபின் ஒரு நாள் அவளை ஈரோட்டுப் பேருந்து நிலையத்தில் கண்டேன். கையில் குழந்தை. நின்றிருந்த பேருந்தின் நெற்றியில் சென்னிமலை என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவள் என்னை அடையாளம் கண்டு மகிழ்ந்து, "ஏனுங்க வாத்தியாரே, இது நம்மூரு வண்டிதானுங்களா?" என்று கேட்டாள். நான் பலகையைச் சுட்டிக் காட்டினேன். அவள் நாணத்துடன் சிரித்தாள். "எல்லாம் மறந்துபோச்சுங்க. அங்க வந்து எதைப் படிக்கறது, எதை எழுதறது?" என்றாள். அவள் சுற்றும் தாருக்குக் கூலி வாய்ச்சொல்லாகவே வந்தது. வீட்டில் நோட்டு இல்லை, கடிதம் வருவதில்லை. என் பதிவேட்டில் மட்டும் அவள் தொடர்ந்து எழுத்தறிந்தவளாக இருந்தாள்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடிமதிப்புப் பணிக்காக அதே தெருவுக்குச் சென்றேன். பெரியவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு வீடு தள்ளி அப்பெண்ணின் வீடு. தறி இருந்த இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அவள் மகன் வெளியே வந்து, குடும்பத்தார் பெயர்களைச் சொன்னான். எழுத்தறிவுக் கட்டத்தில் என் பேனா நின்றது.

"அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமுங்க சார். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பர்ஸ்ட்டு வந்தவங்க" என்றான் அவன்.

அவள் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஈரோட்டுப் பேருந்து நிலையம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வீட்டார் சொல்லுவதை எழுதவேண்டும் என்பது விதி. எழுதினேன்.

"எம் பேரை எங்கீங்க எழுதுனீங்க?" என்று அவள் அருகே வந்தாள். நான் அட்டவணையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் வைத்து மெல்ல நகர்த்தினாள். நடுவில் விரல் நின்றது.

"இங்க ஒரு புள்ளி வெச்ச எழுத்து வரோணுமுங்களே வாத்தியாரே?"

பார்த்தேன். அவசரத்தில் ஓர் ஒற்றெழுத்தை விட்டுவிட்டேன். பேனாவை மீண்டும் திறந்து அதனைச் சேர்த்தேன்.